மாமாவின் மூன்றாவது வாரம்

கிராம்பு வாசனை வந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிரியாணி நினைவுக்கு வரும். எனக்கு என் தாய்மாமாவின் சட்டைப் பைதான் நினைவுக்கு வரும். அதில் எப்போதும் கிராம்புத் தைலக் குப்பி ஒன்று இருக்கும். வாய்க்குள் புண் வந்துவிட்டால் துண்டின் நுனியை அதில் நனைத்து ஈறில் வைத்து அழுத்திக்கொள்வார். கண்ணில் நீர் முட்டும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, எரிச்சல் அடங்கும்வரை அப்படியே நிற்பார். பக்கத்தில் போனாலே அந்த வாசனை தூக்கலாக அடிக்கும். சிறு வயதில் எனக்கு அது பிடித்திருந்தது. அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் எல்லோரும் அந்த வாசனைக்கு வேறு அர்த்தம் வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சாராய நாற்றத்தை மறைக்கத்தான் அவர் கிராம்பு வைத்திருக்கிறார் என்று ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையே நம்பியது.

மாமா அந்தச் சந்தையில் லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. கேரளாவுக்குப் போகிற லாரிகளில் எந்த மூட்டை அடியில், எந்தப் பெட்டி மேலே, முருங்கைக்காய்க் கட்டுகளை எப்படிச் சாய்த்து வைத்தால் ஒடியாது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வார். நல்ல உயரம், அகன்ற முதுகு. சந்தைக்கு விடுமுறை வரும் நாளில் திண்டுக்கல்லுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து காய் மூட்டையைத் தோளில் போட்டு நடந்தே வந்துவிடுவார். அம்மா அவருக்குக் கறிக்குழம்பு வைப்பாள். உடம்பு சரியாக இருக்கிற வாரம் என்றால் சட்டி காலியாகும். சரியில்லாத வாரம் என்றால் ஆறிய மோர்ச்சோற்றைக் கரைத்து டம்ளரில் ஊற்றி, மெல்லாமல் விழுங்குவார். எந்த வாரம் எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்றுதான் அப்போது நினைத்திருந்தோம்.

அவருக்கு வருவது எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். முதலில் உடம்பு அசதி, பிறகு வாய்ப்புண், கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் கொதிக்கும். நாலைந்து நாள் பாயோடு கிடப்பார். பிறகு ஒரு காலையில் எழுந்து பல் தேய்த்து, ஒன்றும் நடக்காதது போல வேலைக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு வாரம் மலை போல இருப்பார். மூன்றாவது வாரம் மறுபடி பாய். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர்களுடைய அப்பாவும் இப்படிக் காய்ச்சலிலேயே இளம் வயதில் போய்விட்டாராம். 'எங்க வம்சத்துக்கே சூட்டு ஒடம்பு' என்று அம்மா அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சீரகத் தண்ணீரும் வெந்தயமும் கொடுத்துக் காலத்தை ஓட்டினார்கள்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. இப்போது யோசித்தால் எனக்கு மிக அதிகமாக ஆத்திரம் வருவது அங்கேதான். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள், தாங்க முடியாதபோது, மாமா ஒரு டாக்டரிடம் போவார். டாக்டர் ஊசி போடுவார், மாத்திரை தருவார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மருந்தே கொடுக்காவிட்டாலும் அது அன்றைக்கு இறங்கியிருக்கும். ஆனால் ஒவ்வொரு டாக்டரும் தன் மருந்துதான் கேட்டது என்று நம்பினார். மாமாவும் நம்பினார். அடுத்த முறை வந்தபோது அந்த டாக்டரின் கை ராசி போய்விட்டதென்று வேறு டாக்டரைத் தேடினார். இப்படி ஒட்டன்சத்திரம், பழனி, திண்டுக்கல் என்று ஊர் மாறியதால் ஒருவர் கண்ணிலும் முழு ஆட்டமும் விழவில்லை. ஆளாளுக்கு ஒரு காய்ச்சலைப் பார்த்தார்கள்.

ரத்தமும் பார்த்தார்கள். சோதனைக்கு எழுதி, அதை எடுக்கப் போகும்போது பெரும்பாலும் உடம்பு தேறத் தொடங்கியிருக்கும். வெள்ளணுக்கள் சரியாக இருக்கின்றன என்று முடிவு வரும். ஒருமுறை மட்டும் சரியான நாளில் எடுத்துவிட்டார்கள். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. டைபாய்டு வந்தால் குறையும் என்றார் டாக்டர். அது பொய் இல்லை, டைபாய்டில் குறையத்தான் செய்யும். பத்து நாள் கழித்து மறுபடி எடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. "பாத்தீங்களா, மருந்து கேட்டுருச்சு" என்று அவர் சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினார். அதோடு அந்தக் கதவும் மூடிக்கொண்டது.

இதற்கிடையில் சந்தை தன் தீர்ப்பை எழுதி முடித்திருந்தது. ஆள் திடகாத்திரம். திடீரென்று வேலைக்கு வருவதில்லை. நாலைந்து நாள் கழித்துக் கண் சிவந்து, வாய் வீங்கி, கிராம்பு வாசனையோடு வருகிறான். இதற்கு விளக்கம் வேறு என்ன இருக்க முடியும்? மண்டி முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் லோடு ஏற்ற வேண்டிய நாளில் மேஸ்திரி வராவிட்டால் அவரும்தான் என்ன செய்வார்? வேலைக்குத் திரும்பும் நாளில் மாமாவை அருகில் கூப்பிட்டு ஊதச் சொல்வாராம். இதை மாமா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். நான் அப்போது பார்மசி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் தொட்டதே இல்லீன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க கண்ணு. வாயை மோந்து பாக்குறாங்க. புண்ணு நாத்தம் வேற அடிக்குமா, மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பற்கள் அப்போதே ஆடத் தொடங்கியிருந்தன. நாற்பதைத் தொடும்போது பாதிப் பல் இல்லை. பல் டாக்டர் புகையிலையை விடச் சொல்லித் திட்டினார். மாமா வெற்றிலைகூடப் போட்டதில்லை. அவர் மறுத்துச் சொன்னாரா, கேட்டுக்கொண்டு வந்தாரா, தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவர் மறுப்பதையே நிறுத்திவிட்டார்.

வீட்டில் அத்தையும் நம்பவில்லை. அவள் பிறந்த வீட்டில் அப்பா, அண்ணன் எல்லோரும் குடித்தவர்கள். குடிக்கிறவன் எப்படிச் சத்தியம் செய்வான் என்று அவள் பார்த்து வளர்ந்தவள். மாமா சத்தியம் செய்யச் செய்ய அவளுக்குச் சந்தேகம் கூடியது. மேஸ்திரி வேலை போனபோது அவர்கள் இருவரும் பல நாள் பேசிக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள். அதன் பிறகு மாமா கிடைத்த வேலைக்குப் போனார். தக்காளிப் பெட்டி சுமந்தார். தன் கீழ் வேலை பார்த்தவர்களோடு சேர்ந்து வரிசையில் நின்றார்.

நான் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம், ஓர் ஐப்பசி மழையில் அவரை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தாங்க முடியாத வயிற்று வலி. நகரின் வேறொரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அறுவைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குடலின் ஒரு பகுதி அழுகிப்போயிருந்ததாம். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. வெள்ளணுக்கள் ஏறத்தாழ இல்லை என்றே சொன்னார்கள். நான் கேட்டபோது, கிருமி இவ்வளவு கடுமையாகத் தாக்கினால் வெள்ளணுக்கள் போரிட்டுத் தீர்ந்துபோகும் என்றார் அங்கிருந்த டாக்டர். அவை முதலில் இல்லாமல் போனதால்தான் கிருமி இவ்வளவு தூரம் வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. மறுநாள் மாமா இறந்துவிட்டார்.

எழவு வீட்டில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் மெல்லிய குரலில்தான் பேசினார்கள். 'குடிச்சுக் குடிச்சுக் கொடலு வெந்து போச்சு' என்றார் ஒருவர். அம்மா எழுந்துபோய் அவரோடு சண்டை பிடித்தாள். மற்றவர்கள் அவளைச் சமாதானம் செய்தார்கள். செத்தவரைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார்கள். யாரும் 'அவர் குடிக்கவில்லை' என்று சொல்லவில்லை. அத்தை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மாமாவுக்கு ஒரே மகள். அப்பா போனபோது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வாய்ப்புண் வரும், காய்ச்சல் வரும், பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுவாள். 'அப்பன் மாதிரியே சாக்குச் சொல்லுது' என்று ஊர் சொன்னது. பெரியவளான பிறகு அதையெல்லாம் மாதவிலக்கோடு முடிச்சுப் போட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருவதும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருவதும் ஒன்றில்லை என்று அவள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, அப்பா மூட்டை ஏற்றிய அதே சந்தையில் வேறொரு மண்டியில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு முறை அவள் தொண்டையில் சீழ் வைத்து மூச்சே திணறியபோது நான்தான் மதுரைக்கு அழைத்துப்போனேன். அங்கே ரத்த நோய்களைப் பார்க்கும் ஒரு லேடி டாக்டர், எல்லாம் தேறிய பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இனிமே காய்ச்சல் இல்லாதப்போ வாங்க. உடம்பு நல்லா இருக்கிறப்பவும் ரத்தம் எடுக்கணும். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒன்றரை மாசம்."

மாமாவின் ஆயுள் முழுக்க யாரும் சொல்லாத வாக்கியம் அது. அதைக் கேட்டு அத்தைக்குக் கோபம் வந்தது. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும் என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். மண்டியில் அடிக்கடி அனுமதி கேட்பதற்கு மகளுக்குக் கூச்சம். ஒட்டன்சத்திரத்திலேயே ரத்தம் எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்தும், பரிசோதனை நிலையத்தில் இருந்தவர்கள், போன முறைதான் நார்மலாக இருந்ததே, மறுபடி எதற்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் போனில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. முடிவில் டாக்டர் எல்லா எண்ணிக்கைகளையும் ஒரு கோட்டில் வரைந்து காட்டினார். அலை மாதிரி ஏறி, இறங்கி, தரையைத் தொட்டு, மறுபடி ஏறியது. கோடு தரையைத் தொட்ட இடத்தில் ஒரு காய்ச்சல், அதற்கு மூன்று வாரம் தள்ளி இன்னொன்று.

டாக்டர் விளக்கியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கிருமியை முதலில் எதிர்க்கிற வெள்ளணுக்கள் மிகக் குறைந்த ஆயுள் கொண்டவை. தினமும் செத்துக்கொண்டே இருக்கும். எலும்பு மஜ்ஜை தினமும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். எத்தனை செய்ய வேண்டும் என்று மஜ்ஜைக்குச் சொல்வது ரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம், சேதி கொண்டுபோகிற மூலக்கூறு. வெள்ளணுக்கள் நிறைய இருந்தால் அவையே அந்தச் சேதியை உறிஞ்சித் தீர்த்துவிடும். மஜ்ஜை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அணுக்கள் குறைந்தால் உறிஞ்ச ஆளில்லாமல் சேதி தேங்கும். மஜ்ஜை வேகத்தைக் கூட்டும். இப்படித்தான் யாரும் எண்ணிப் பார்க்காமலே நம் எல்லோருக்குள்ளும் எண்ணிக்கை நிலையாக நிற்கிறது. ஆனால் ஓர் அணு உருவாகி வெளியே வரப் பல நாள் ஆகும். இவர்களுடைய வம்சத்தில் வருகிற ஒரு மரபணுக் கோளாறால், உருவாகும் அணுக்களில் பெரும்பகுதி மஜ்ஜைக்குள்ளேயே பாதி வளர்ச்சியில் மடிந்துபோகின்றன. சேதி போய்ச் சேர்ந்தும் சரக்கு வந்து சேர்வதில்லை. அதனால் சமநிலை ஆடத் தொடங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது.

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மாமா மகள்தான் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"தக்காளி மாதிரிங்களா டாக்டர்? வெல ஏறுச்சுன்னா எல்லாரும் நடுவாங்க. அது காய்க்குறதுக்குள்ள இங்க தட்டுப்பாடு. காய்ச்சதும் மொத்தமா வந்து ரோட்டுல கொட்டுவாங்க. அப்பறம் ஒருத்தரும் நட மாட்டாங்க."

டாக்டர் சிரித்துவிட்டு ஆமாம் என்றார். பிறகு மருந்தின் பெயரை எழுதினார். மஜ்ஜைக்குச் சேதி சொல்கிற அதே புரதத்தை வெளியே செய்து ஊசியாகப் போடுவதுதான் சிகிச்சை. தாளை என்னிடம் நீட்டினார். எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு வெள்ளணுக்கள் விழுந்துவிடும்போது கொடுக்கிற ஊசி அது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து அதை நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாமா திண்டுக்கல்லில் செத்துக்கொண்டிருந்த அன்று, இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, என் மேசைக்குப் பின்னால் இருந்த ஃப்ரிட்ஜில் அது இருந்தது.

இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி நாளில் அந்த ஊசியைப் போட்டிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பதும் தெரியாது. இருபது வருடம் முன்னால் போட்டிருக்க வேண்டும். யார் மேல் கோபப்படுவது என்று யோசித்தால் ஆளே கிடைப்பதில்லை. டாக்டர்கள் தங்கள் முன்னால் இருந்த காய்ச்சலைச் சரியாகத்தான் பார்த்தார்கள். முதலாளிக்கு லோடு போக வேண்டும். அத்தைக்குக் குடிகாரர்களைத் தெரியும். எல்லோரிடமும் நியாயம் இருந்தது. அந்த நியாயங்கள் எல்லாம் கூடி ஒரு மனிதரைத் தின்று முடித்தன. கோபத்தை வைக்க ஓர் இடம் கிடைத்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது.

அத்தையிடம் நான்தான் சொன்னேன். இது அப்பா வழியாக வந்தது, மாமாவுக்கும் இதுதான் இருந்திருக்க வேண்டும் என்றேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அப்ப அவுரு குடிக்கவே இல்லியா கண்ணு?"

இல்லை என்றேன். நறுக்கிய காய் கறுத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஊசி வேலை செய்தது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. அலை நிற்கவில்லை. சுற்று குறுகியது, பள்ளத்தின் ஆழம் குறைந்தது. அசதி வருகிறது, எப்போதாவது ஒரு புண் வருகிறது. பாயில் விழுவது மட்டும் இல்லை. பதிலுக்கு எலும்பு வலி. இடுப்பெலும்புக்குள் யாரோ இடிக்கிற மாதிரி இருக்கிறது என்பாள் மாமா மகள். மருந்தை எப்போதும் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் போனால் பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்கு ஓட வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போவதானாலும் ஐஸ் டப்பாவோடு போக வேண்டும். இது குணமாகிற வியாதி இல்லை. உடம்பு தானாகச் செய்ய வேண்டிய கணக்கை வாழ்நாள் முழுக்க வெளியிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். வேடசந்தூர்ப் பக்கம் நல்ல குடும்பம். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அத்தை என்னைத் தனியாக அழைத்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்பார்கள், எப்படிச் செத்தார் என்று கேட்பார்கள் என்றாள். வம்சத்து வியாதி என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

"குடிச்சுச் செத்தாருன்னே சொல்லிப் போடலாம். ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. குடிக்கிற அப்பன் எந்த வீட்டுல இல்ல?"

அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. குடிகாரன் மகளை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அவர் குடிக்கவில்லை என்று தெரிந்த பிறகும், அவர் மகளின் நல்லதுக்காக அவரைக் குடிகாரராகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. கட்டிக்கொள்கிறவனிடம் மறைக்கலாமா என்று மட்டும் கேட்டேன். பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அவள் அழுதுகொண்டே பேசியதால் அதற்குமேல் நான் வாதாடவில்லை.

மறுநாள் வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா, சங்கடத்தோடுதான், பெண்ணின் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அத்தை பேசி வைத்தபடியே சொன்னாள். குடிப் பழக்கம் இருந்தது, வயிறு கெட்டுவிட்டது என்றாள். அவர் அனுதாபத்தோடு தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் உள்ளே கதவோரம் நின்றிருந்தாள். வெளியே வந்தாள்.

"எங்கப்பா குடிக்கலீங்க" என்றாள். "ஒரு நாளும் குடிச்சதில்லீங்க. அவருக்கு ரத்தத்துல வியாதி. எனக்கும் இருக்கு. தெனம் ஊசி போட்டுக்கறேன்."

குரல் உயரவில்லை. பில்லில் எடை தப்பாக இருப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிள்ளைகளுக்கு வருமா என்று அந்தப் பெரியவர் கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றாள். அவர்கள் இன்னும் சற்று நேரம் இருந்து, மழை இல்லாததைப் பற்றிப் பேசிவிட்டு, கைகூப்பி விடைபெற்றார்கள். கார் கிளம்பிய பிறகு அத்தை மகளைத் திட்டவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயடியில் நீண்ட நேரம் அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து, சம்பந்தம் பேசியவர் எனக்குப் போன் செய்தார். அந்த வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். காரணம் கேட்டேன். பொண்ணுக்கு ஏதோ ரத்த வியாதியாம், அப்பன் வேறு மொடாக்குடியனாம் என்றார்.

அன்றைக்கு அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். மறைக்க மனமில்லாமல் அப்படியே சொல்லிவிட்டேன். ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்து, குளிர் போக உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டையும் சேத்துட்டாங்களா மதினி?"

ஆமாம் என்றேன். அவள் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டாள். பிறகு தாவணித் தலைப்பை ஒதுக்கி, வயிற்றில் பழைய ஊசித் தடம் இல்லாத இடமாகப் பார்த்துப் பஞ்சால் துடைத்து, தானே குத்திக்கொண்டாள்.